மேகத்துக்கு மேலே ஒரு மொட்டை மாடி!

குட்டீஸ், கனவு காண்பதில் உங்களை மிஞ்ச ஆள் உண்டா? புது சைக்கிள் வாங்குவது போல ஒரு கனவு, கடைசிப் பந்தில் சிக்ஸர் அடிப்பது போல ஒரு கனவு, கணக்குப் பரீட்சை தள்ளிப்போவது போல ஒரு கனவு... எத்தனை எத்தனை! இந்த வாரம் உங்களுக்கு ஒரு புதுக் கனவு கொண்டு வந்திருக்கிறோம். இது மலை ஏறும் கனவு!

"மலைதானே? சாய்வாக இரண்டு கோடு, நடுவில் ஒரு சூரியன், இரண்டு காக்கா. வரைந்தாச்சு!" என்கிறீர்களா? அங்கேதான் ஏமாந்தீர்கள். நம் கனவு மலைக்குக் கூரான உச்சியே கிடையாது. யாரோ பெரிய கத்தியை எடுத்து அதன் தலையைச் சீவிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். சுற்றிலும் செங்குத்தான சுவர். மேலே விரிந்து கிடக்கும் தரை. அதாவது, மேகத்துக்கு மேலே ஒரு மொட்டை மாடி! இப்படிப்பட்ட மலைக்கு 'மேசை மலை' என்று பெயர்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் ஊரில் இரவு 10 மணிக்கு நீங்கள் படுக்கப் போகும்போது, அங்கே பகல் பன்னிரண்டரை மணி! அதனால் இன்று இரவு கனவில் போனால் நல்ல வெளிச்சத்திலேயே சுற்றிப் பார்க்கலாம். கிளம்புவோமா?

ஒரு கல், மூன்று நாடு

உலக வரைபடத்தை எடுத்துத் தென் அமெரிக்காவின் மேல் பகுதியைப் பாருங்கள். வெனிசுலா, பிரேசில், கயானா என்று மூன்று நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவா? இந்த மூன்றும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் நிற்கிறது ரொரைமா மலை.

உயரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர். மேலே உள்ள தட்டைத் தரையின் பரப்பு சுமார் 30 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி நிற்கும் பாறைச் சுவர் மட்டும் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று கணக்குப் போடுங்கள். 130 மாடிக் கட்டடம்! ஆனால் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டும் கிடையாது.

உச்சியில் ஓரிடத்தில் எல்லைக் கல் ஒன்று நட்டிருக்கிறார்கள். அதை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், மூன்று நாட்டு மண்ணிலும் கால் வைத்துவிடலாம். மேலே பெய்கிற மழைக்கும் மூன்று வழி. கொஞ்சம் ஓரினோகோ ஆற்றுக்குப் போகும், கொஞ்சம் அமேசானுக்குப் போகும், கொஞ்சம் எஸ்ஸெகிபோ ஆற்றுக்குப் போகும். பக்கத்துப் பக்கத்தில் விழுந்த மழைத்துளிகள்கூட வேறு வேறு ஆற்றில் பயணம் போய்விடலாம்!

மிச்சம் வைத்த பர்பி

சரி, மலை எப்படித் தட்டையானது? தீபாவளிக்கு அம்மா ஒரு பெரிய தட்டு நிறைய பர்பி கொட்டி, கத்தியால் கோடு போட்டுத் துண்டு போட்டிருக்கிறார். நீங்களும் தம்பி தங்கைகளும் வந்து வந்து எடுத்துத் தின்கிறீர்கள். சாயங்காலம் பார்த்தால், வெறும் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து துண்டுகள் நிற்கின்றன. மேலே தட்டை, பக்கமெல்லாம் செங்குத்து. அதுதான் மேசை மலை!

சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அந்தப் பகுதி முழுவதும் மணல் அடுக்கடுக்காகப் படிந்தது. நாளாக நாளாக அந்த மணல் இறுகி, கெட்டிப் பாறையானது. அப்புறம் மழையும் காற்றும் ஆறுகளும் வந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றன. தின்றது போக மிஞ்சிய துண்டுகளில் ஒன்று ரொரைமா. இதைப் போல நூற்றுக்கும் மேற்பட்ட மேசை மலைகள் அந்த வட்டாரத்தில் இருக்கின்றன.

170 கோடி என்றால் எவ்வளவு பழசு தெரியுமா? டைனோசர்கள் தோன்றியே 23 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்த மணல் படிந்த காலத்தில் பூமியில் ஒரு மீன்கூட இல்லை, ஒரு பூச்சிகூட இல்லை. அடேயப்பா!

அடிமரம் சொல்லும் கதை

இந்த மலையைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் காலம் காலமாக வாழ்பவர்கள் பெமோன் பழங்குடி மக்கள். மேசை மலையை அவர்கள் மொழியில் 'தெபுயி' என்கிறார்கள். மலை என்று அர்த்தம். 'தெய்வங்களின் வீடு' என்றும் பொருள் சொல்வது உண்டு.

அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. முன்னொரு காலத்தில் வானத்தை முட்டும் ஒரு பெரிய மரம் இருந்ததாம். உலகத்தில் உள்ள எல்லாப் பழங்களும் எல்லாக் கிழங்குகளும் அந்த ஒரே மரத்தில் விளைந்தனவாம். மக்குனைமா என்பவன் ஒரு நாள் கோடரியால் அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டான். மரம் விழுந்ததும், உள்ளே இருந்து தண்ணீர் பீறிட்டுக் கிளம்பி, ஊரெல்லாம் வெள்ளக்காடு! மரம் போய்விட்டது, வெட்டிய அடிமரம் மட்டும் நின்றுவிட்டது. அந்த அடிமரம்தான் ரொரைமா மலையாம்.

படத்தைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். வெட்டிய அடிமரம் போலவே தட்டையான தலை. மழை பெய்தால் நாலா பக்கமும் கொட்டும் அருவிகள். மலையை நன்றாக உற்றுப் பார்த்தவர்கள்தான் இப்படி ஒரு கதை சொல்ல முடியும், இல்லையா?

"பலூன் இருந்தால்தான் உண்டு!"

ஐரோப்பியர்கள் இந்த மலையின் பக்கம் வந்தது 1830களில். ராபர்ட் ஷோம்பர்க் என்ற ஆய்வாளர் 1838இல் அடிவாரம் வரை வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். 1869இல் வந்தார் பாரிங்டன் பிரௌன் என்ற நிலவியல் அறிஞர். சுவரைப் பார்த்தார். "இதன் மேலே போக வேண்டுமானால் பலூனில்தான் போக வேண்டும்" என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

மேலே என்னதான் இருக்கும்? யாருக்கும் தெரியாது. தெரியாத இடம் என்றால் கற்பனைக்குக் கேட்கவா வேண்டும்? உலகத்தில் வேறெங்கும் இல்லாத விலங்குகள் இருக்குமோ, அழிந்து போனதாக நினைத்த உயிர்கள் எல்லாம் அங்கே ஒளிந்திருக்குமோ என்று பேச்சு பரவியது.

அடுத்து வந்தார் எவரார்ட் இம் தர்ன். அப்போது கயானா, பிரிட்டிஷ்காரர்களின் கையில் இருந்தது. அங்கே அரசு வேலையில் இருந்த இவருக்குச் செடி கொடிகள் மேலும், பழங்குடி மக்களின் வாழ்க்கை மேலும் ரொம்ப ஆர்வம். நில அளவைக்காரரான ஹாரி பெர்கின்ஸ் என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு 1884இல் கிளம்பினார். ஆற்றில் படகு, அப்புறம் காட்டில் நடை. சுமை தூக்கவும், புதர் வெட்டி வழி செய்யவும் பழங்குடி மக்கள் உடன் போனார்கள்.

மலைக்கு எதிரே இருந்த இடத்தில் நின்று, சுவரைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார் இம் தர்ன். தென்மேற்குப் பக்கச் சுவரில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. கீழிருந்து மேலாகச் சாய்வாக ஒரு பச்சைக் கோடு! செடி முளைக்கிறது என்றால் மண் நிற்கிறது. மண் நிற்கிறது என்றால் காலும் நிற்கும்! அது ஒரு சாய்வான பாறைத் திட்டு. ஆனால் வழியில் ஓரிடத்தில் அருவி ஒன்று அந்தத் திட்டின் மேலேயே கொட்டியது. அங்கே பாதை அறுந்திருக்குமோ என்று எல்லோருக்கும் பயம்.

போய்ப் பார்த்தால்தானே தெரியும்? போனார்கள். அருவியில் நனைந்துகொண்டே தாண்டினார்கள். 1884 டிசம்பர் 18ஆம் தேதி உச்சியில் நின்றார்கள். மேலே டைனோசரும் இல்லை, ராட்சதப் பறவையும் இல்லை. கறுத்த பாறைகள் விதவிதமான வடிவத்தில் நிற்கும் ஒரு விசித்திர உலகம் இருந்தது.

வரலாற்றுப் புத்தகங்களில் இந்த இரண்டு பேரின் பெயர் இருக்கிறது. சுமை தூக்கி வழி வெட்டியவர்களின் பெயரை அப்படி எல்லோருக்கும் தெரியாது. நாம் அவர்களையும் நினைத்துக்கொள்வோம். இம் தர்ன் பிறகு நம் பக்கத்து நாடான இலங்கையிலும் சில ஆண்டுகள் உயர் அதிகாரியாக வேலை பார்த்தார்.

'ஷெர்லாக் ஹோம்ஸ்' கதைகள் எழுதினாரே ஆர்தர் கோனன் டாய்ல், அவர் 1912இல் 'தொலைந்த உலகம்' என்று ஒரு நாவல் எழுதினார். மேசை மலை உச்சியில் டைனோசர்கள் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கதை. ரொரைமா பற்றி வந்த செய்திகள்தான் அதற்கு விதை என்பார்கள்.

இந்த நிகழ்ச்சியில் நமக்கு ஒன்று புரிகிறது. ஏறவே முடியாது என்று சொன்னவர்களும் இதே மலையைத்தான் பார்த்தார்கள். வழி அப்போதும் அங்கேதான் இருந்தது. கண்டுபிடிக்கக் கொஞ்சம் அதிக நேரம் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதல் நாள்: புரி-புரி ஜாக்கிரதை!

இப்போது நம் கனவுப் பயணம். பை ரெடியா? போக, வர, மேலே சுற்ற என்று பெரும்பாலும் ஆறு நாள் ஆகும்.

வெனிசுலாவில் சாண்டா எலெனா என்று ஓர் ஊர். பிரேசில் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஜீப்பில் ஏறி, குலுங்கிக் குலுங்கிப் பராய்தெபுயி என்ற பெமோன் கிராமத்துக்குப் போக வேண்டும். ஜீப் பயணம் அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் நடராஜா சர்வீஸ்தான்!

இங்கே நமக்கு ஒரு பெமோன் வழிகாட்டி வருவார். அவர் இல்லாமல் மலைக்குப் போகக் கூடாது. சுமை தூக்கி வரும் பெமோன் அண்ணன்மார்கள், பிரம்பால் பின்னிய கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, நாம் மூச்சு வாங்கும் மேட்டில் சர்வ சாதாரணமாக நடந்து போவார்கள்.

முதல் நாள் முழுவதும் பரந்த புல்வெளி. 'கிரான் சபானா' என்று பெயர். 'பெரிய புல்வெளி' என்று அர்த்தம். எதிரே ரொரைமாவும், அதன் பக்கத்தில் குகெனான் என்ற இன்னொரு மேசை மலையும் அண்ணன் தம்பி போல நிற்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தும் மலை பக்கத்தில் வந்தது போலவே இருக்காது!

இங்கே 'புரி-புரி' ஜாக்கிரதை. பூரி இல்லை, புரி-புரி. பூரியை நாம் சாப்பிடலாம்; புரி-புரி நம்மைச் சாப்பிடும்! எள்ளு மாதிரி இருக்கும் குட்டிக் கொசுப் பூச்சி இது. கடித்தால் நாள் கணக்கில் அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு மாவில் சுட்ட ரொட்டி கிடைக்கும். தொட்டுக்கொள்ள மிளகாயோடு எறும்போ கரையானோ சேர்த்து அரைத்த காரமான சட்னி! என்ன, முகத்தைச் சுளிக்கிறீர்கள்? பெமோன் வீடுகளில் அது விருந்துச் சமையல். அவர்கள் அன்போடு கொடுப்பதைக் கேலி செய்யாமல் "நன்றி" என்று சொல்லக் கற்றுக்கொள்வதும் மலையேற்றத்தில் ஒரு பாடம்தான்.

இரண்டாம் நாள்: சாக்ஸோடு ஆற்றில்!

வழியில் இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. தெக் ஆறு சிறியது. குகெனான் ஆறு கொஞ்சம் பெரியது. வழிகாட்டி அண்ணன் ஒரு யோசனை சொல்வார்: "ஷூவைக் கழற்றுங்கள், சாக்ஸைக் கழற்றாதீர்கள்!" ஏன் தெரியுமா? ஆற்றுக் கற்களில் பாசி. வெறுங்கால் வழுக்கும், சாக்ஸ் போட்ட கால் கல்லைப் பிடித்துக்கொள்ளும். மலையில் மழை பெய்தால் ஆறு சட்டென்று பெருகிவிடும். அப்போது காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. "போயிடலாம் அண்ணா, வாங்க!" என்று அடம் பிடிக்கவே கூடாது. ஆற்றை அறிந்தவர் சொன்னால் சரி.

சாயங்காலம் சுவரின் அடிவாரத்தில் கூடாரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். மேகம் விலகும்போது சுவர் தெரியும், மூடும்போது மறையும். இதன் மேலா நாளைக்கு ஏறப் போகிறோம் என்று வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கும்.

மூன்றாம் நாள்: கண்ணீர் வாசல்

இன்றுதான் ஏற்றம். இம் தர்ன் பார்த்த அதே பச்சைக் கோடு! இன்றும் பெரும்பாலோர் அதே வழியில்தான் ஏறுகிறார்கள். கயிறு வேண்டாம், ஆணி வேண்டாம். ஆனால் கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஈரமான காடு. வேரைப் பிடித்து ஏறு, பாறையில் கால் வை, மறுபடி வேரைப் பிடி... ஒரு பக்கம் சுவரைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். 170 கோடி வயசுத் தாத்தாவின் கன்னம் அது!

கடைசியில் அந்த அருவி வரும். 'கண்ணீர் வாசல்' என்று அதற்குப் பெயர். தலைக்கு மேலே எங்கோ உயரத்திலிருந்து தண்ணீர் சாரல் சாரலாகக் கொட்டும். கீழே உருளும் கற்கள். நனைந்துகொண்டே நிதானமாக ஏற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவு குறையும். திடீரென்று எதிரே சுவர் இருக்காது. வானம்தான் இருக்கும். மொட்டை மாடிக்கு வந்துவிட்டோம்!

நேர் சுவரில் ஏறியவர்களும் உண்டு. 1973இல் ஹேமிஷ் மக்கின்னஸ், ஜோ பிரௌன், டான் வில்லன்ஸ், மோ ஆன்டாயின் ஆகிய பிரிட்டிஷ் வீரர்கள் கயானா பக்கத்தில் கப்பலின் முகப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் சுவரில் கயிறு கட்டி ஏறினார்கள். பாறை இடுக்குகளில் தேள்களும் பெரிய சிலந்திகளும் அவர்களை வரவேற்றன!

மாடியில் என்ன இருக்கிறது?

தட்டை என்றோமே, கிட்டப் போய்ப் பார்த்தால் அது பச்சைப் பொய்! மழையும் காற்றும் செதுக்கிய பாறைகள் எங்கு பார்த்தாலும். ஒன்று ஆமை போல இருக்கும். ஒன்று காளான் போல இருக்கும். மலையின் மிக உயரமான பாறைக்கு 'மேவரிக்' என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு பழைய கார் உண்டு. பாறை அந்தக் காரைப் போலவே இருக்கிறதாம்.

பாறையின் உண்மையான நிறம் இளஞ்சிவப்பு. ஆனால் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மேலே படர்ந்து கறுப்பு வண்ணம் பூசிவிட்டன. ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த இடம் மட்டும் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். அதுதான் பாதை.

ஓரிடத்தில் தரை முழுக்கப் படிகக் கற்கள். கண்ணாடித் துண்டு போல மின்னும். குளிர்ந்த நீர் நிறைந்த குட்டிக் குட்டிக் குளங்களும் உண்டு. பாறைக்கு அடியில் பெரிய குகைகளும் இருக்கின்றன. 2002இல் தெரியவந்த ஒரு குகையின் வழிகளை அளந்தபோது, பத்து கிலோமீட்டருக்கும் அதிகமாகப் போனது!

ராத்திரி எங்கே தங்குவது? 'ஹோட்டலில்'! ஆமாம், வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்வார்கள். போய்ப் பார்த்தால், கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. அதற்குக் கீழே கூடாரம் போட்டுக்கொண்டால் மழை படாது. குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். இரண்டு ஸ்வெட்டர் போட்டாலும் பல் தந்தியடிக்கும்.

குதிக்கத் தெரியாத குட்டித் தேரை

இப்போது குனிந்து பாருங்கள். ஈரப் பாறையில் ஏதோ கறுப்பாக ஊர்கிறதே! கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. அது ஒரு தேரை. உயிரியல் அறிஞர்கள் இதற்குப் பெயர் சூட்டியது 1895இல். சுமார் 2 சென்டிமீட்டர் நீளம்தான். தேரை என்றால் குதிக்கும் அல்லவா? இது குதிக்காது. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, சின்னக் குழந்தை போலத் தவழ்ந்து போகும்.

இதன் வீடு எது தெரியுமா? ரொரைமா உச்சி! சுற்றிலும் 400 மீட்டர் சுவர். இதனால் கீழே இறங்கி வேறு மலைக்கு எளிதில் குடிபோக முடியாது. இங்கே பிறந்த தேரைக்கு உலகமே இந்த மொட்டை மாடிதான்.

செடிகளும் லேசுப்பட்டவை அல்ல. ஏறக்குறைய தினமும் பெய்யும் மழை, மண்ணில் உள்ள சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. பசிக்கு என்ன செய்வது? பூச்சியைப் பிடித்துத் தின்ன வேண்டியதுதான்! குடுவை போல இலையைச் சுருட்டி வைத்திருக்கும் ஒரு செடி. பூச்சி உள்ளே வழுக்கி விழுந்தால் அவ்வளவுதான். "மழை பெய்தால் குடுவை நிரம்பி வழிந்துவிடாதா?" நல்ல கேள்வி! அதற்காகவே குடுவையின் பக்கவாட்டில் சின்னப் பிளவு வைத்திருக்கிறது செடி. அதிகத் தண்ணீர் அதன் வழியே வடிந்துவிடும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு நிரம்பி வழியும் குழாய் வைக்கிறோமே, அதே ஏற்பாடு!

வாசலில் செருப்பைக் கழற்றுவோமே, அது போல

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். மழைக்கும் காற்றுக்கும் அசையாத மலைக்கு இப்போது ஓர் ஆபத்து வந்திருக்கிறது. அது யார் தெரியுமா? அதன் மேல் ஆசை வைத்த நாம்தான்.

"ஒரே ஒரு படிகக் கல்தானே, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வோம்" என்று ஒருவர் எடுத்தார். அடுத்தவர் இரண்டு எடுத்தார். ஆயிரக்கணக்கானோர் வந்தால் என்ன ஆகும்? அதனால் இப்போது கல், செடி எதையும் எடுத்து வரக் கூடாது என்று கண்டிப்பான விதி. இறங்கி வருபவர்களின் பைகளைச் சோதிப்பதும் உண்டு. நம் குப்பையையும், ஏன், நம் மலத்தையும்கூடப் பையில் கட்டிக் கீழே கொண்டு வந்துவிட வேண்டும். சிரிக்காதீர்கள். மேலே விட்டு வந்தால் அது அருவியில் கலந்து, கீழே ஊர்க்காரர் குடிக்கும் தண்ணீரில்தானே சேரும்?

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. நம் ஷூவின் அடியில் ஒட்டிய சேற்றில் விதைகள் இருக்கும். அந்த மலைக்குச் சொந்தமில்லாத வெளியூர்ச் செடிகள் சில உச்சியில் முளைத்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மனிதர்களோடு போனவை அவை. அவை பெருகினால் அங்கேயே பிறந்து வளர்ந்த செடிகள் எங்கே போகும்?

பூமி சூடாகிக்கொண்டே வருகிறது அல்லவா? மற்ற மலைகளில் உள்ள உயிர்கள் குளிர்ச்சியைத் தேடி இன்னும் கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளலாம். நம் குட்டித் தேரை ஏற்கெனவே மொட்டை மாடியில் இருக்கிறது. அதற்கு மேலே மாடி ஏது?

அதனால்தான் நல்ல மலையேற்றக்காரர்கள் ஏறும் முன்பு ஷூவைச் சுத்தமாகத் துலக்கிக்கொள்கிறார்கள். போட்ட பாதையை விட்டு விலகாமல் நடக்கிறார்கள். கோயிலுக்கோ, அடுத்தவர் வீட்டுக்கோ போனால் நாம் வாசலில் செருப்பைக் கழற்றுவதில்லையா? 'தெய்வங்களின் வீடு' என்று பெயர் உள்ள இடத்துக்குப் போகும்போது அந்த மரியாதை வேண்டாமா?

தெரியுமா உங்களுக்கு?

* பலூனில்தான் போக வேண்டும் என்றாரே பிரௌன், அது ஒரு விதத்தில் பலித்துவிட்டது! 2009இல் வெளிவந்த 'அப்' என்ற கார்ட்டூன் படத்தில், ஒரு தாத்தா தன் வீட்டில் ஆயிரக்கணக்கில் பலூன் கட்டி, மேசை மலைக்குப் பறந்து போவார். அந்தப் படத்தின் ஓவியர்கள் 2004இல் ரொரைமாவுக்கே போய், பார்த்துப் பார்த்து வரைந்தார்கள்.

* உலகிலேயே மிக உயரமான அருவியான ஏஞ்சல் அருவியும் ஒரு மேசை மலையிலிருந்துதான் விழுகிறது. மலையின் பெயர் அவுயன்தெபுயி. அருவியின் உயரம் 979 மீட்டர். பெமோன் மக்கள் இதை 'கெரெபாகுபாய் மேரு' என்கிறார்கள்.

* ஜிம்மி ஏஞ்சல் என்ற விமானி 1937இல் அந்த மலை உச்சியில் விமானத்தை இறக்கினார். சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது! அவரும் மனைவியும் நண்பர்கள் இருவரும் 11 நாள் நடந்தே கீழே வந்து சேர்ந்தார்கள். விமானம் 1970 வரை மேலேயே கிடந்தது.

* ரொரைமாவின் வெனிசுலா பக்கம், கனாய்மா தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. 1962இல் அமைத்த இந்தப் பூங்காவை யுனெஸ்கோ 1994இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இன்றைக்கே தொடங்கலாம்!

"இதெல்லாம் நான் பெரியவனாகி, பெரியவளாகி, எப்போ போறது?" என்கிறீர்களா? அவசரமே இல்லை. புரூஸ் மீன்ஸ் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர், தவளைகளைத் தேடி இந்த மேசை மலைகளின் பக்கம் பல முறை போனவர். 80 வயதை ஒட்டிய நிலையிலும், 2021இல் ரொரைமாவின் பக்கத்தில் உள்ள இன்னொரு மேசை மலையை நோக்கிக் கயானாவின் காட்டுக்குள் ஒரு குழுவோடு நடந்தார். உங்களுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது, பாருங்கள்!

அதுவரை பயிற்சி எடுக்கலாம். லிஃப்ட் இருந்தாலும் படியில் ஏறுங்கள். உங்கள் புத்தகப் பையை நீங்களே தூக்குங்கள். சுற்றுலா போனால் உங்கள் குப்பையை உங்கள் பையிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். முடியாது என்று தோன்றுகிற கணக்கு எதிரே வந்தால், இம் தர்ன் சுவரைப் பார்த்தது போல உற்றுப் பாருங்கள். எங்காவது ஒரு பச்சைக் கோடு தெரியும்!

சரி, மணி ஆகிறது. இன்று ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் சந்திப்போம். வரும்போது ஷூவைத் துலக்கிக்கொண்டு வாருங்கள். கறுப்பாக ஏதாவது தவழ்ந்து போனால் கொஞ்சம் நில்லுங்கள். அது முதலில் போகட்டும். அதன் வீடு அல்லவா!